வெங்கோஸின் கால்களைப் பாருங்கள்: ஒரு கிரேக்க நடிகரின் படங்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

கிரேக்க நாட்டில் ஒருவர் மூச்சிரைக்க ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் பறந்தால், "வெங்கோஸைப் போல ஓடுகிறான்" என்பார்கள். தனாசிஸ் வெங்கோஸ் ஒரு சினிமா நடிகர். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் அவர் பெயர் பேச்சு வழக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவருடைய படங்கள் நூற்றுக்கு மேல். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நான் கைக்குக் கிடைத்ததைப் பார்த்தேன். முதல் இரண்டு படங்களில் "இவரையா ஒரு நாடே கொண்டாடியது?" என்றுதான் தோன்றியது. தவறு படங்களில் இல்லை, நான் பார்த்த வரிசையில் இருந்தது. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாமல் இருக்க, எனக்குப் பலன் தந்த வரிசையை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாப் படிகளுக்கும் பொதுவாக ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: முகத்தை விட்டுவிடுங்கள், அவருடைய கால்களைக் கவனியுங்கள்.

முதல் படி: பெயரைப் பிடியுங்கள்

தேடும்போதே பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கிரேக்க மொழியில் 'காமா' என்ற எழுத்து இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் 'ங்' என்ற ஒலி வரும். அதனால் அவர் பெயரை ஆங்கிலத்தில் சிலர் இரண்டு 'ஜி' போட்டும், சிலர் 'என்', 'ஜி' என்று போட்டும் எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே ஆள்தான். விக்கிப்பீடியாவில் அவர் பக்கத்துக்குப் போய், கிரேக்க எழுத்தில் உள்ள பெயரை நகலெடுத்துத் தேடுபெட்டியில் ஒட்டிவிடுங்கள். பத்து மடங்கு அதிகமாகக் கிடைக்கும்.

இன்னொன்று. பல படங்களில் அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயரும் தனாசிஸ்தான். ஆனால் படத் தலைப்புகளில் 'தனாசி' என்று வருவதைப் பார்ப்பீர்கள். நாம் கண்ணனைக் கூப்பிடும்போது 'கண்ணா' என்கிறோம் அல்லவா? அதே விளி வேற்றுமை அங்கேயும் இருக்கிறது. கூப்பிடும்போது கடைசி 'ஸ்' உதிர்ந்துவிடும். அவர் திரையில் எதிரே வருகிறவர்களை அழைக்கும் 'கலே மூ ஆந்த்ரொப்பே' என்ற புகழ்பெற்ற தொடரும் ஒரு விளிதான். 'என் நல்ல மனிதரே' என்று பொருள். பிற்காலத்தில் மக்கள் அதே சொல்லைத் திருப்பி அவருக்கே பட்டமாகக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாம் படி: மூன்று காலங்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்

1941 முதல் 1944 வரை நாஜி ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் கிரேக்கத்தைப் பிடித்து வைத்திருந்த காலம். 1946 முதல் 1949 வரை உள்நாட்டுப் போர். 1967 ஏப்ரல் முதல் 1974 ஜூலை வரை ராணுவ அதிகாரிகளின் சர்வாதிகாரம். இந்தத் தாள் பக்கத்தில் இல்லாமல் வெங்கோஸைப் பார்த்தால் அவர் வெறும் கோமாளியாகத்தான் தெரிவார்.

ஏனென்றால் மூன்றும் அவர் உடம்பின் மீது நடந்தவை. அவர் பிறந்தது 1927 மே 29 அன்று, பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய நெயோ ஃபாலிரோவில். 1941-42 குளிர்காலத்தில் ஏதென்ஸிலும் பிரேயஸிலும் மக்கள் பட்டினியால் தெருவிலேயே விழுந்து இறந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. தந்தை நாஜிகளை எதிர்த்த இயக்கத்தில் இருந்தவர். போருக்குப் பின் இடதுசாரி என்பதற்காக அவர் வேலை பறிக்கப்பட்டது. மகன் ராணுவ சேவைக்குப் போனபோது, சந்தேகத்துக்கு உரிய குடும்பத்துப் பையன் என்று மக்ரோனிசோஸுக்கு அனுப்பினார்கள். லவ்ரியோ கரைக்கு எதிரே கிடக்கும் வறண்ட தீவு அது. இடதுசாரிகளை 'திருத்துவதற்காக' நடத்தப்பட்ட முகாம்.

அந்த முகாமில்தான் இன்னொரு கைதியாக நிகோஸ் கூந்துரோஸ் இருந்தார். பின்னாளில் கிரேக்கத்தின் முக்கியமான இயக்குநர்களில் ஒருவராக ஆனவர். நடிப்புப் பள்ளி வாசலையே மிதிக்காத, தோல் வேலை செய்து பிழைத்த ஓர் இளைஞனை அவர்தான் சினிமாவுக்கு அழைத்து வந்தார்.

மூன்றாம் படி: ஓரத்தில் நிற்பவரைத் தேடுங்கள்

கூந்துரோஸின் முதல் படம் 'மாய நகரம்', 1954. வெங்கோஸுக்கும் அதுவே முதல் படம். அடுத்து 1956-இல் வந்த 'ட்ராகோஸ்'. இரண்டிலும் அவர் சின்ன வேடத்தில்தான் வருகிறார். முழுப் படத்தையும் அவருக்காகப் பார்க்க வேண்டாம், ஆனால் நல்ல படங்கள் என்பதால் பார்த்துவிடுவீர்கள். அந்த ஆண்டுகளில் படப்பிடிப்புக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டித் தரும் உதவியாளாகவும் அவர் வேலை செய்தார். நாற்காலி, விளக்கு, தொப்பி என்று ஓடி ஓடிக் கொண்டுவந்து தருகிற வேலை. ஓட்டம் கேமராவுக்குப் பின்னாலேயே தொடங்கிவிட்டது.

நான்காம் படி: ஒலியை அணைத்துவிட்டு ஒரு படம்

இப்போது நேராக 1963-க்கு வாருங்கள். 'பொலிடெக்னிடிஸ் கே எரிமோஸ்பிடிஸ்' என்ற படம். தலைப்பே ஒரு கிரேக்கப் பழமொழி: எல்லா வேலையும் தெரிந்தவன், ஆனால் வீடு வெறும் வீடு. வேலை வேலையாகத் தாவி எதிலும் நிலைக்காத ஒருவனின் கதை. பழைய நகைச்சுவைப் படங்கள் பலவற்றுக்கு வசன வரிகள் கிடைப்பதில்லை. கவலைப்படாதீர்கள். முதல் இருபது நிமிடத்தை ஒலியில்லாமல் பாருங்கள்.

உடல் முன்னே சாய்ந்திருக்கும். வழுக்கைத் தலைதான் முதலில் வந்து சேரும், மற்றதெல்லாம் அதைத் துரத்திக்கொண்டு வரும். நின்று பேசும்போதுகூட ஒரு கால் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிட்டிருக்கும். அடிபடுகிற, விழுகிற காட்சிகளில் அவருக்குப் பதிலாக வேறு ஆள் இல்லை, விழுவது அவரேதான். அப்புறம் ஒலியைப் போட்டு அதே இருபது நிமிடத்தை மறுபடி பாருங்கள். பேச்சும் அதே வேகத்தில், அதே மூச்சில் வருவது கேட்கும்.

இந்த இரண்டாம் பார்வையில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இவன் ஓடுவது சேட்டைக்காக இல்லை. நின்றால் கூலி போய்விடும் என்பதற்காக ஓடுகிறான். பட்டினியைப் பார்த்த, வேலை பறிபோன வீட்டில் வளர்ந்த ஒரு மனிதனின் கால்கள் அவை. அன்றைய அரங்குகளை நிறைத்தவர்களும் அப்படி ஓடியவர்கள்தான். அவர்கள் சிரித்தது தங்களைப் பார்த்துத்தான்.

1966-இல் வந்த இன்னொரு படத்துக்கு 'பாபாட்ரெகாஸ்' என்றே பெயர். அரக்கப்பரக்க எதையும் செய்கிறவனைக் கிரேக்கர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நேரமிருந்தால் பாருங்கள்.

ஐந்தாம் படி: முதலாளியான வெங்கோஸ்

அறுபதுகளில் அவர் சொந்தமாக ஒரு தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார். தன் பெயரின் முதலெழுத்துகளோடு 'சிரிப்புப் படங்கள்' என்று சேர்த்துப் பெயர் வைத்தார். அந்த முதலெழுத்துகளைக் கிரேக்கத்தில் 'து-வு' என்று உச்சரிப்பார்கள். 1969-இல் அவரே இயக்கிய உளவாளிப் படத்தின் நாயகனுக்கும் 'து-வு, வழுக்கை உளவாளி' என்றே பெயர். ஜேம்ஸ் பாண்ட், அதாவது எண் பூஜ்யம் பூஜ்யம் ஏழு, உலகமெங்கும் பறந்துகொண்டிருந்த காலம் அது. வெங்கோஸ் 1967-இல் தன் உளவாளிக்குக் கொடுத்த எண் 000. இரண்டில் 'து-வு'வைத் தேர்ந்தெடுங்கள். உளவாளிப் பயிற்சிப் பள்ளிக் காட்சிகளுக்காகவே அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

படங்களை மக்கள் கொண்டாடினார்கள், கணக்குப் புத்தகம் கொண்டாடவில்லை. நிறுவனம் கடனில் மூழ்கி மூடப்பட்டது. அந்த அடியிலிருந்துதான் அவருடைய மிகப் பெரிய படம் வந்தது.

ஆறாம் படி: 1971. இங்கே அவசரப்படாதீர்கள்

'போரில் என்ன செய்தாய், தனாசி?' இயக்கியவர் தீனோஸ் கட்சூரிடிஸ். இதற்கு ஒரு மாலையை முழுதாக ஒதுக்குங்கள். தாளில் எழுதிய மூன்று காலங்களில் இரண்டை இப்போது எடுத்து வையுங்கள். கதை நடப்பது நாஜி ஆக்கிரமிப்பில். படம் வெளிவந்தது சர்வாதிகாரத்தின் நடுவில், தணிக்கை கடுமையாக இருந்தபோது.

யார் வம்புக்கும் போகாத, வயிற்றுப் பாட்டைத் தவிர வேறெதுவும் நினைக்காத ஒரு சாதாரண ஏதென்ஸ்காரன் சிறைக்குள் போய் விழுகிறான். விசாரிக்கிறார்கள், அடிக்கிறார்கள். கொடுமை செய்கிறவன் நாஜி காலத்தவன் என்பதால் தணிக்கைக்காரர்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனால் அதே நாள்களில் ஏதென்ஸின் காவல் நிலையங்களில் என்ன நடக்கிறது என்று அரங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

கால்களைக் கவனிக்கச் சொன்னேன் அல்லவா? இந்தப் படத்தில் அந்தக் கால்களுக்கு ஓட இடமில்லை. எட்டு அடி வைத்தால் சுவர். எட்டு ஆண்டுகளாக ஓடிப் பழகிய உடம்பு ஓர் அறைக்குள் அடைபட்டுத் துடிப்பதைப் பார்க்கிறோம். சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது. மக்ரோனிசோஸில் இருந்த ஒரு மனிதர் இதை நடிக்கிறார் என்பதை மறக்க முடியாது. தெசலோனிகி திரைப்பட விழா அந்த ஆண்டின் சிறந்த நடிகர் விருதை அவருக்குத் தந்தது. அடுத்த ஆண்டு வந்த 'தனாசி, துப்பாக்கியை எடு' படத்தையும் இதே கையோடு பார்க்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம், முதல் படம் ஒரு நாளாவது மனதில் தங்கட்டும்.

ஏழாம் படி: வேகம் குறைகிறது

இடையில் வரும் பல படங்களைத் தொடக்கநிலையில் தாண்டிவிடலாம். 1991-க்குப் போங்கள்: பாண்டெலிஸ் வூல்காரிஸ் இயக்கிய 'ஆகஸ்டின் அமைதியான நாள்கள்'. விடுமுறையில் ஊரே காலியாகிவிட்ட ஏதென்ஸில் தனித்துக் கிடப்பவர்களின் கதைகள். அதே இயக்குநரின் 1998 படமான 'எல்லாமே வழிதான்' மூன்று கதைகளால் ஆனது. அதில் இரண்டாவது கதையில் எவ்ரோஸ் ஆற்றின் கழிமுகத்தில் வேட்டைக் காவலராக வருகிறார் வெங்கோஸ். அரிய பறவை ஒன்றைப் பற்றிய கதை. முன்பு ஓடியே பேசிய மனிதர் இதில் பெரும்பாலும் பார்க்கிறார், காத்திருக்கிறார். 2009-இல், உள்நாட்டுப் போரைப் பற்றி அதே வூல்காரிஸ் எடுத்த படத்தில் ஒரு சிறு வேடம். அதுதான் கடைசி. 2011 மே 3 அன்று ஏதென்ஸில் காலமானார்.

எட்டாம் படி: பனி

காலவரிசைப்படி இது முன்பே வர வேண்டும். வேண்டுமென்றேதான் கடைசிக்கு வைத்திருக்கிறேன். 1995-இல் தியோ ஆஞ்சலோபுலோஸ் எடுத்த 'ஒடிசியஸின் பார்வை', கான் விழாவில் பெரும் நடுவர் பரிசு பெற்ற படம். ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். நாயகன் ஹார்வி கைட்டல். நாட்டுக்குத் திரும்பிய ஒரு திரைப்பட இயக்குநராக வருகிறார், அவரை எல்லை தாண்டி அல்பேனியாவுக்குள் அழைத்துப் போகும் டாக்ஸி ஓட்டுநர்தான் வெங்கோஸ். படத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுவார், வருவதும் சில காட்சிகளில்தான்.

மலைப்பாதை. சுற்றிலும் வெள்ளை. ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிடுகிறார். பனியை மீறிப் போகக் கூடாது, அது விடும்வரை காத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கிரேக்கம் செத்துக்கொண்டிருக்கிறது என்று பயணியிடம் சொல்கிறார், உடைந்த கற்களுக்கும் சிலைகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து ஓய்ந்துவிட்ட ஒரு மக்களைப் பற்றிப் பேசுகிறார். பிறகு இறங்கி, ஆளில்லாத அந்த வெளியைப் பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தாதீர்கள், வசன வரிகளைக்கூட விட்டுவிடுங்கள். 1963-இல் ஒலியில்லாமல் பார்த்த அதே கால்களைத் தேடுங்கள். பனிக்குள் புதைந்து, அசையாமல் நிற்கின்றன.