விளம்பரத் தபால் கார்டு: கடைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தைப் பார்க்காமலே தள்ளிவிடுகிற வீட்டில்கூட, தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கிற கார்டை யாராவது ஒருவர் வாங்கிப் படிக்கிறார். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்துச் சிறு கடைகளுக்கு இது இன்னமும் நல்ல வழி என்றே நான் நம்புகிறேன். அப்படி இருந்தும் பல கார்டுகள் வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை. பெரும்பாலும் அதற்குக் காரணம், அதில் எழுதியிருப்பதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கடையைப் பற்றியே எழுதுவது. 'உங்கள் பேராதரவுடன் 25ஆம் ஆண்டில்', 'தரம், நம்பிக்கை, நாணயம்', மேலே சாமி படம், கீழே முதலாளி படம். இதில் வாங்குகிறவருக்கு என்ன இருக்கிறது? வழக்கமான கார்டின் அளவே 14 செ.மீ.க்கு 9 செ.மீ. தான். ஒரு பக்கத்தில் வலது பாதி முகவரிக்கும் ஸ்டாம்புக்கும் போய்விடும். மிச்சமுள்ள இடம் முழுக்க அந்த வீட்டுக்காரரின் தேவையைப் பேச வேண்டும்.

காட்பாடியில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கும் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி எழுதுவார்கள்: "அனைத்து முன்னணி கம்பெனி பேட்டரிகளும் நியாயமான விலையில் கிடைக்கும். ஒருமுறை வருகை தாரீர்." இதைப் படித்து யாரும் எழுந்து வர மாட்டார்கள். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"மே 4 அக்னி நட்சத்திரம். உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது? ஏப்ரல் 30க்குள் போன் செய்தால் எங்கள் ஆள் வீட்டுக்கே வந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வார். இதற்குக் காசு இல்லை."

வேலூர் வெயிலில் ராத்திரி ஃபேன் நின்றால் எப்படி இருக்கும் என்று இந்த ஊர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டாம். கார்டு அந்தக் கவலையைத் தொடுகிறது, ஒரு தேதி சொல்கிறது, ஒரே ஒரு காரியம் செய்யச் சொல்கிறது: போன். பேட்டரி விற்பனை அந்த ஆள் வீட்டுக்குப் போன பிறகு நடக்கும். கார்டின் வேலை போனை எடுக்க வைப்பது மட்டுமே. அதே கார்டில் சிசிடிவி கேமரா, சோலார் பேனல், கீசர் என்று மிச்ச இடத்தையெல்லாம் நிரப்பினால் அந்த ஒரு காரியமும் நடக்காது. 'இடம் சும்மா இருக்கிறதே' என்று அச்சகத்தில் கேட்பார்கள். இருக்கட்டும். போன் நம்பரைப் பெரிதாகப் போட அந்த இடம் வேண்டும்; கண்ணாடி போடாமல் பெரியவர்கள் படிக்க முடிய வேண்டும்.

அடுத்தது, பலர் யோசிக்காத ஒன்று. கார்டுக்கு உறை கிடையாது. தபால்காரர் படிக்கலாம், பக்கத்து வீட்டுக்காரர் படிக்கலாம், மாமியார் படிக்கலாம். 'உங்கள் நகைக்கடன் வட்டி பாக்கி உள்ளது, புதுப்பித்தால் சலுகை' என்று அடகுக்கடையிலிருந்து ஒரு கார்டு வந்தால், அந்தக் குடும்பத்தின் மானம் தெருவில் நிற்கும். சர்க்கரை, குழந்தையின்மை போன்ற சிகிச்சைக்கு வந்தவரை 'மறுபரிசோதனைக்கு வாருங்கள்' என்று திறந்த கார்டில் அழைப்பதும் அப்படித்தான். பணமும் உடம்பும் சம்பந்தப்பட்ட செய்தியை உறையில் போட்டு அனுப்புங்கள், செலவு கூடினாலும் பரவாயில்லை. இதில் நான் சமரசம் சொல்ல மாட்டேன்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் டிசைன் செய்யும் பிள்ளைகளுக்குக் கறுப்பு பார்டர் பிடிக்கும், எடுப்பாகத் தெரியும். நம் வீடுகளிலோ ஓரத்தில் கறுப்பு தடவி வரும் கார்டு சாவுச் செய்தி. படித்ததும் கிழித்துப் போடுவதுதான் வழக்கம். நல்ல செய்திக்கு நான்கு மூலையிலும் மஞ்சள். இதை அறிந்த பெரியவர்கள் இன்னும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

ஒரே வாசகத்தை எல்லா ஊருக்கும் அனுப்புவதும் வீண்தான். ஆடித் தள்ளுபடி கார்டு சத்துவாச்சாரியில் எடுபடலாம். வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் ரம்ஜானுக்கு முந்தைய வாரங்கள்தான் துணிக்கடைக்குக் காலம். குடியாத்தத்துக்கு அனுப்பினால் வைகாசியில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முன்பே கையில் கிடைக்கும்படி அனுப்புங்கள். திருவிழா முடிந்தபின் போய்ச் சேரும் கார்டு அச்சுக்கூலிக்கும் தண்டம்.

தபாலில் விளம்பரம் அனுப்பும் தொழிலில் 40-40-20 என்று ஒரு பழைய கணக்கு உண்டு: வெற்றியில் 40 பங்கு யாருக்கு அனுப்புகிறோம் என்பதில், 40 பங்கு என்ன தருகிறோம் என்பதில், எழுத்துக்கும் அழகுக்கும் 20. அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் வரிசை சரி. ஆகவே முகவரிப் பட்டியலைப் பழையபடி விட்டுவிடாதீர்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்தில். பின்கோடு சரியாக இருந்தால் கார்டு போய்ச் சேரும் என்பது உண்மைதான். ஆனாலும் தன் மாவட்டப் பெயரே தெரியாத கடையை ஆம்பூர்க்காரர் எப்படி எடுத்துக்கொள்வார்?

'70% வரை தள்ளுபடி' என்று பெரிதாகப் போட்டு, கடுகளவு எழுத்தில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று சேர்ப்பதை விட்டுவிடுங்கள். 'ஐந்நூறு ரூபாய்க்கு மேல் எந்தச் சேலை எடுத்தாலும் ரூ.100 குறைவு' என்பதை மக்கள் நம்புவார்கள். மருந்துக்கடை, வைத்தியசாலை நடத்துபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மருந்து என்பதுபோல விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. கார்டும் விளம்பரம்தான்.

கார்டுக்குப் பலன் இருந்ததா என்று தெரிந்துகொள்ள வழி வைக்காதது இன்னொன்று. 'இந்தக் கார்டைக் கொண்டு வாருங்கள்' என்று ஒரு வரி போதும். பாதிப் பேருக்கு ஒரு தலைப்பு, மீதிப் பேருக்கு வேறு தலைப்பு என்று அடித்து, மூலையில் 1, 2 என்று எண் போட்டுவிட்டால், எது ஆளை வரவழைத்தது என்று கல்லாவிலேயே தெரிந்துவிடும். அடுத்த கார்டை அதை வைத்து எழுதலாம்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரியைத் தபால் ஆபீசில் காட்டி, அளவையும் ஸ்டாம்ப் செலவையும் கேட்டுக்கொள்ளுங்கள். தபால் ஆபீசில் விற்கிற 50 காசு கார்டின் கணக்கு, விளம்பரம் அச்சடித்த கார்டுக்குப் பொருந்தாது. தபாலில் சேர்க்கிற அன்று, கடையில் போன் எடுக்கிற பையனிடமும் ஒரு கார்டைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "கார்டு பார்த்தேன்" என்று கூப்பிடுகிறவரிடம் "எந்தக் கார்டுங்க?" என்று அவன் கேட்கக் கூடாது.