குடித்த மறுநாள் காலையில் செய்யக் கூடாதவை

ஹேங்ஓவரைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை. 2005-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வுத் தொகுப்பு இந்த முடிவுக்குத்தான் வந்தது. பின்னர் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் கிராம்புச் சாறு, கொரியப் பேரிக்காய் உட்பட 23 பொருட்களைப் பற்றிய 21 சோதனைகளை அலசினார்கள். நம்பத் தகுந்த சான்று எதற்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் காலையில் தலை பிளக்கும்போது யாரும் சும்மா இருப்பதில்லை. மாத்திரை, எலுமிச்சை, புளித்த மோர், தலைக்குக் குளியல் என்று ஏதாவது ஒன்றில் இறங்குகிறார்கள். அவற்றில் பல தீங்கற்றவை. சில ஈரலைக் கெடுக்கின்றன. இன்னும் சில, உயிரைக் காப்பாற்றக் கிடைத்த நேரத்தைத் தின்றுவிடுகின்றன.

முதலில் ஒரு கணக்கு. நம் ஊரில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் பெரும்பாலும் 42.8 சதவீத மது கொண்டவை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. அதில் இருக்கும் தூய எத்தனால் ஏறக்குறைய 60 கிராம். சராசரி மனிதரின் ஈரல் ஒரு மணி நேரத்தில் 7 அல்லது 8 கிராம் எத்தனாலைத்தான் எரிக்கும். ஆக, ஒரு குவார்ட்டர் முழுவதும் உடலை விட்டுப் போக 8 மணி நேரம், இரண்டுக்கு 16 மணி நேரம். இரவு பத்து மணிக்கு இரண்டு குவார்ட்டர் குடித்தவரின் இரத்தத்தில் மறுநாள் மதியம்வரை மது ஓடிக்கொண்டிருக்கும். காபி, பச்சைத் தண்ணீர்க் குளியல், ஓட்டம், வியர்வை எதுவும் இந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. காபி தூக்கத்தைக் கலைக்கும், அவ்வளவுதான்.

இதனால்தான் "தூங்கி எழுந்துவிட்டேன், இனி வண்டி ஓட்டலாம்" என்பதை முதல் தவறாகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு அனுமதிப்பது 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம் மட்டுமே. நள்ளிரவுவரை நிறையக் குடித்தவர் காலை ஏழு மணிக்குப் பிள்ளையைப் பள்ளியில் விடக் கிளம்பினால், அந்த வரம்பைத் தாண்டிய நிலையில்தான் கிளம்புகிறார். மது முற்றிலும் நீங்கிய பிறகும் ஆபத்து முடிவதில்லை. ஹேங்ஓவரில் இருந்தவர்களை மாதிரி ஓட்டுநர் கருவியில் உட்காரவைத்து நெதர்லாந்தில் சோதித்தபோது, வண்டி நேராகப் போகாமல் பக்கவாட்டில் அலைவது கூடியிருந்தது. முன்னிரவே மறுநாள் பஸ்ஸில் போவதாகத் திட்டமிட்டுவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து வரும் பிள்ளைக்கு இதில் தேர்வு இல்லை.

அடுத்தது பாராசிட்டமால். காலையில் தலை வலிக்கும் என்று முன்கூட்டியே, படுக்கும்போதே இரண்டு மாத்திரை போட்டுக்கொள்ளும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பாராசிட்டமால் ஈரலில் உடையும்போது அதன் ஒரு சிறு பகுதி நச்சாக மாறுகிறது. அந்த நச்சை முறிப்பது குளூட்டத்தையோன் என்ற பொருள். நாள்தோறும் குடிப்பவரின் ஈரல் நச்சுப் பகுதியைக் கூடுதலாக உண்டாக்குகிறது. சரியாகச் சாப்பிடாதவரின் ஈரலிலோ குளூட்டத்தையோன் கையிருப்பு குறைவு. குடிப்பவர்களில் இந்த இரண்டும் ஒருசேர அமைந்தவர்கள் ஏராளம். எப்போதாவது குடிக்கும் ஆரோக்கியமான ஒருவர் மறுநாள் சாப்பிட்ட பிறகு ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை போடுவதால் ஈரல் கெட்டுவிடாது. தினமும் குடிப்பவர் வெறும் வயிற்றில் 650 மில்லிகிராம் மாத்திரையை மணிக்கொன்றாகப் போடுவது அப்படியல்ல. ஈரல் சேதம் முதல் நாள் வெளியே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. சளி, காய்ச்சலுக்கான கூட்டு மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருப்பதால், அறியாமலே இரட்டிப்பு அளவு உள்ளே போய்விடுகிறது. அதற்குப் பதில் ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் என்று மாறுவதும் தீர்வல்ல. மதுவால் ஏற்கெனவே புண்பட்ட இரைப்பையில் அவை இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும்.

காலையில் எழுந்ததும் இன்னொரு கட்டிங் போட்டால் தலைவலி போகும் என்பார்கள். கொஞ்ச நேரத்துக்குப் போகத்தான் செய்கிறது. ஹேங்ஓவர் உச்சம் தொடுவது போதையின்போது அல்ல, இரத்தத்தில் மது பூஜ்யத்தை நெருங்கும்போது. மதுவை மீண்டும் ஏற்றினால் அந்தத் தருணம் தள்ளிப்போகிறது. உடலில் சேர்ந்த மதுவை எரிக்க வேண்டிய வேலையோ அப்படியே இருக்கிறது, ஈரலுக்குக் கூடுதல் சுமையோடு. குடிநோயின் தொடக்கம் பலருக்கு இந்தக் காலைக் கட்டிங்தான் என்பதால், இதில் எந்தச் சமரசமும் வேண்டாம் என்பது என் கருத்து.

மோருக்கும் எலுமிச்சைக்கும் வருவோம். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோனை மது அடக்கிவிடுவதால், குடித்தவர் இழக்கும் நீர் அதிகம். உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சைச் சாறு, இளநீர், கஞ்சி எல்லாம் அதை ஈடுகட்டும். தாராளமாகக் குடிக்கலாம். போதையை அவை முறிக்காது. தண்ணீர் குறைந்தது ஹேங்ஓவரின் ஒரு பகுதி மட்டுமே. எத்தனால் உடையும்போது உருவாகும் அசிட்டால்டிஹைடு, உடலெங்கும் எழும் அழற்சி, கெட்டுப்போன தூக்கம் ஆகியவையும் சேர்ந்ததுதான் அந்த வேதனை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வாங்கினால் அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பொட்டலமானால் ஒரு லிட்டரில், முழுவதையும் கரையுங்கள். ஒரு டம்ளர் நீரில் கொட்டிக் குடித்தால் உப்பு மிகுந்து கேடு செய்யும்.

எலுமிச்சம்பழத்தைத் தலையில் தேய்ப்பதால் பயனில்லை, தீங்கும் இல்லை. உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தி எடுக்கவைப்பது மட்டும் கூடவே கூடாது. அரை மயக்கத்தில் இருப்பவரின் நுரையீரலுக்குள் வாந்தி போய்விடும். பீரையும் ஒயினையும் எந்த வரிசையில் குடித்தால் தலை வலிக்காது என்ற பேச்சை 2019-இல் ஜெர்மனியில் 90 பேரை வைத்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வரிசையால் வேறுபாடு ஏதும் வரவில்லை. அளவுதான் தீர்மானிக்கிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, மறுநாள் வரும் எந்த உபாதையையும் ஹேங்ஓவர் என்று நினைத்துப் படுத்துவிடுவது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் என்ற நச்சு கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கொடுமை நடந்தது. மெத்தனாலைச் சுவையால் கண்டுபிடிக்க முடியாது. முதலில் வழக்கமான போதைதான் தெரியும். உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறப் பல மணி நேரம் ஆகும். 12 முதல் 24 மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்குதல், பார்வை மங்குதல் என்று தொடங்கும். கண்ணெதிரே எல்லாம் வெண்மூட்டமாகத் தெரிகிறது என்று ஒருவர் சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எங்கே வாங்கினார், எப்போது குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். முறிமருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. நேரத்தோடு போனால் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. போலீஸ் பயத்தில் வீட்டிலேயே வைத்துக்கொண்டு மோர் புகட்டும் ஒவ்வொரு மணி நேரமும் அந்த வாய்ப்பைக் குறைக்கிறது.

எழுப்பியும் எழாதவர், விட்டுவிட்டு மூச்சு விடுபவர், உடல் சில்லிட்டவர், விழுந்து தலையில் அடிபட்டவர் ஆகியோரையும் "தூங்கட்டும், சரியாகிவிடும்" என்று விடக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும்வரை மல்லாக்கப் படுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் சாப்பிடாமல் குடித்திருந்தால் விடியற்காலையில் சர்க்கரை அபாயகரமாகக் குறையலாம். அவர் உளறுவதும் வியர்ப்பதும் போதை போலவே தோன்றும். குளூக்கோமீட்டர் வீட்டில் இருந்தால் உடனே பாருங்கள்.

இன்னொரு குழப்பம் பல ஆண்டுகளாகத் தினமும் குடிப்பவர்களின் வீடுகளில் நடக்கிறது. அவர் ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, தூக்கம் வருவதில்லை. வீட்டார் அதைப் பழைய போதையின் மிச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது மது நின்றதால் மூளை காட்டும் எதிர்வினை. இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். பிறகு இல்லாத உருவங்கள் தெரிந்து, சித்தம் கலங்கி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கோயிலுக்கு மாலை போட்டோ கயிறு கட்டியோ திடீரென நிறுத்தும் கணவரை, அண்ணனை, அப்பாவை முதல் நாளே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்கும் மருந்துகளை அங்கே அளவோடு கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். 14446 என்ற இலவச எண்ணில் அருகிலுள்ள போதை மீட்பு மையத்தைக் கேட்டறியலாம்.