ஈஎஸ்சி ஆஃப் பண்றதுக்கு முன்னால அந்த மஞ்ச லைட்ட சும்மா இருக்க வைங்க

செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல டிராக் டே, அதாவது சொந்த வண்டிய டிராக்ல ஓட்டிப் பாக்கற நாள், வருதுன்னாலே நம்ம கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பசங்க கேக்குற மொத கேள்வி, "ஏனுங்ணா, ஈஎஸ்சிய முழுசா எப்புடி ஆஃப் பண்றது?" ஈஎஸ்சின்னா எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், வண்டி வழுக்கிச் சுத்தாம தானாப் பாத்துக்கற சமாச்சாரம். அத ஆஃப் பண்ற பட்டன் எங்க இருக்குன்னு சொல்றது அரை நிமிச சோலி. எப்ப அமுக்கலாம், எப்ப தொடவே கூடாதுங்கறதுதான் விசயம், அதனால ரெண்டையும் சேத்தே எழுதிடறேன். இங்க சொல்றதெல்லாம் முன் சக்கரம் இழுக்குற சின்ன ஹேட்ச்பேக்குக்கு மட்டும். பின் சக்கரம் தள்ற வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு இதுல பாதி பொருந்தாதுங்க.

மொதல்ல அது என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. ஸ்டீரிங் எவ்வளவு திரும்பிருக்குன்னு ஒரு சென்சார் பாக்குது, நாலு சக்கரமும் என்ன வேகத்துல சுத்துதுன்னு நாலு சென்சார், வண்டி உண்மையிலயே எவ்வளவு திரும்புது, எவ்வளவு பக்கவாட்டுல தள்ளுதுன்னு பாக்க வேற சென்சார். நீங்க கேட்ட திருப்பமும் வண்டி போற திருப்பமும் ஒத்துப் போகலைன்னா ஈஎஸ்சி உள்ள வரும். மூக்கு வெளிய தள்ளிட்டுப் போனா உள்பக்கத்து பின் சக்கரத்த மட்டும் பிரேக் புடிக்கும், பின்னாடி வெலகுச்சுன்னா வெளிப்பக்கத்து முன் சக்கரத்தப் புடிக்கும், பத்தலைன்னா இன்ஜின் பவரையும் கொறைக்கும். 1995ல பாஷ் கம்பெனி செஞ்சு மெர்சிடிஸ் எஸ் கிளாஸ்ல வந்தது, 1997ல ஸ்வீடன்ல ஏ கிளாஸ் திடீர்னு வளைச்சு ஓட்டுற டெஸ்ட்ல கவுந்த பொறவுதான் சின்ன வண்டிக்கும் இது வேணும்னு ஊர் உலகத்துக்கு உறைச்சுது.

ரோட்டுல இது தெய்வங்க. டிராக்ல மட்டும் ஏன் எடஞ்சல்னா, வளைவ விட்டு வெளிய வரும்போது நீங்க ஆக்சிலேட்டர மிதிக்க, அது பவர அமுக்கும், வண்டி மூச்சு முட்டுன மாதிரி நிக்கும். இன்னொன்னு, அது ஒவ்வொரு வளைவுலயும் ஏதாச்சும் ஒரு சக்கரத்துல பிரேக்கப் புடிச்சுப் புடிச்சு விடறதால பிரேக் பேடு எச்சா சூடாகும், நாலஞ்சு லேப்லயே (டிராக்க முழுசா ஒரு சுத்து வந்தா ஒரு லேப்) பெடல் மெத்து மெத்துன்னு ஆயிரும். சாதாரண டயர் போட்டு, கம்பெனி குடுத்தபடியே மாத்தாம வெச்சிருக்கற வண்டில ஆஃப் பண்றதால லேப் டைம்ல மலையளவு ஒன்னும் கொறையாது. வண்டி என்ன சொல்லுதுன்னு நேரா கைக்குத் தெரியும், அதுதான் லாபம்.

டேஷ்போர்டுல கார் வழுக்கற மாதிரி படம் போட்ட மஞ்ச லைட் இருக்கில்ல, அது மினுக்குனா ஈஎஸ்சி வேலை பாக்குதுன்னு அர்த்தம். டிராக்ல அதவிட நல்ல வாத்தியார் கெடையாது, அதுவும் ஓசில. மொத செஷன், அதாவது ஒரு தடவ டிராக்ல எறங்கி ஓட்டுற நேரம், முழுக்க ஈஎஸ்சிய ஆன்லயே விட்டு ஓட்டுங்க, பக்கத்துல கூட்டாளிய உக்கார வைக்க விட்டாங்கன்னா எந்த வளைவுல மினுக்குதுன்னு அவனப் பாத்துக்கச் சொல்லுங்க, நீங்க ரோட்டப் பாருங்க. உள்ள நுழையும்போது மினுக்குனா வேகம் எச்சா, இல்லைன்னா ஸ்டீரிங்க வெடுக்குன்னு திருப்பறீங்க. நடுவுல மினுக்குனா பாதி வளைவுல காலத் தூக்கியிருப்பீங்க, இல்ல அங்கயும் பிரேக்க மிதிச்சிருப்பீங்க. வெளிய வரும்போது மினுக்குனா ஸ்டீரிங் நேராகறதுக்கு முன்னாலயே பவர் குடுக்கறீங்க. ஒவ்வொன்னா திருத்திட்டு வந்து, அதே வேகத்துல ஓட்டியும் லைட் எரியாம ஒரு முழு செஷன் போகணும். அதுக்கப்பறம்தான் பட்டனப் பத்திப் பேச்சு. மினுக்கிட்டே இருக்கறவன் ஆஃப் பண்ணுனா வேகம் கூடாதுங்க, அது இதுவரைக்கும் மறைச்சு வெச்ச தப்பெல்லாம் ஒரே நேரத்துல வெளிய வரும்.

சரி, பட்டன். ஐ20 என் லைன் மாதிரி ஹூண்டாய் வண்டில ஈஎஸ்சி ஆஃப் பட்டன சும்மா ஒருக்கா அமுக்குனா, பவர் குடுக்கும்போது சக்கரம் வெறுமனே சுத்தாம தடுக்கற டிராக்ஷன் கன்ட்ரோல் மட்டும் போகும், மூணு செகண்டுக்கு மேல அமுக்கிப் புடிச்சாத்தான் ரெண்டும் போகும், ஸ்கிரீன்ல மெசேஜும் வரும், சத்தமும் வரும். மினி கூப்பர் எஸ்ல அதுக்குப் பேரு டிஎஸ்சி, சின்னதா அமுக்குனா கொஞ்சம் வழுக்க விடற டிடிசி மோடு, புடிச்சு அமுக்குனா முழுசா ஆஃப். கோல்ஃப் ஜிடிஐல ஸ்கிரீன் மெனுவுக்குள்ள போகணும், அங்க ஈஎஸ்சி ஸ்போர்ட், ஈஎஸ்சி ஆஃப்னு தனித்தனியா இருக்கும். இன்னுஞ் சில வண்டில பட்டன் பேருக்குத்தான், டிராக்ஷன் மட்டுந்தான் போகும், மத்தது என்ன பண்ணாலும் போகாது. உங்க வண்டியோட மேனுவல எடுத்து ஒருக்கா படிங்க, கையுறைப் பெட்டில பிளாஸ்டிக் கவர் பிரிக்காமயே கெடக்கும்.

வரிசை இதுதான், தாண்டிக் குதிக்காதீங்க. மொதல்ல ஆன், அப்பறம் டிராக்ஷன் மட்டும் ஆஃப் இல்லைன்னா ஸ்போர்ட் மோடு, கடைசியா முழு ஆஃப். உண்மையச் சொன்னா பெரும்பாலானவங்களுக்கு நடு ஸ்டெப்லயே நின்னுக்கறது போதும், வழுக்கவும் விடும், கை மீறிப் போனா புடிக்கவும் செய்யும். முழுசா ஆஃப் பண்ணாலும், பிரேக் மிதிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற ஏபிஎஸ் வேலை செய்யும், அது இருக்கணும்.

இங்கதான் ஒரு கூத்து. பட்டன்ல முழுசா போகலைன்னா "ஃபியூஸப் புடுங்கி விட்டரலாம் தம்பி", "ஒரு சக்கரத்து சென்சார் ஒயரக் கழட்டுனா போதும்"னு சொல்ற ஆளுங்க எல்லா ஒர்க்‌ஷாப்லயும் ஒருத்தர் இருப்பாரு. வேண்டாஞ் சாமி. ஈஎஸ்சி, ஏபிஎஸ், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கப் பிரிச்சுக் குடுக்குற ஈபிடி எல்லாமே ஒரே மாட்யூல்ல ஓடுது. அதப் புடுங்குனா மூணும் போச்சு. நீங்க ஸ்ட்ரெயிட் முடிவுல பலமா மிதிக்கும்போது வெயிட்டெல்லாம் முன்னால போயிரும், பின் சக்கரம் லேசாயிரும், பின் பிரேக்கக் கொறைக்க ஈபிடி இல்லைன்னா பின் சக்கரம் மொதல்ல லாக் ஆகி வண்டி அப்புடியே சுத்தும்.

அடுத்து டயர். இது நம்மூர்ல எல்லாரும் பண்றது, முன் டயர் சீக்கிரம் தேயுதுன்னு புது டயர் ரெண்ட வாங்கி முன்னால போட்டுட்டு, தேஞ்சத பின்னால தள்ளிடறது. ஈஎஸ்சி இருக்கற வரைக்கும் அது எப்புடியோ சமாளிச்சுட்டுப் போகும். ஆஃப் பண்ணுனா முன்னாடி பிடிப்பு, பின்னாடி வழுக்கல். ஹேட்ச்பேக்ல அதவிட மோசமான ஜோடி இல்லீங்க. நாலும் ஒரே கம்பெனி ஒரே மாடல், தேய்மானமும் ஏறக்கொறைய ஒன்னா இருக்கட்டும், இல்லைன்னா நல்ல ரெண்டு பின்னால. காத்து சூட்டுல ஏறும், காலைல 30 பிஎஸ்ஐ வெச்சா செஷன் முடிஞ்சு வரும்போது 35க்கு மேலயே காட்டும், வந்ததும் அளந்து எறக்குங்க. பிரேக் ஆயில் பழசா இருந்தா தண்ணி ஏறியிருக்கும், சூட்டுல கொதிச்சுப் பெடல் அடில போயிரும், அதனால புதுசா டாட் 4 மாத்திட்டு வாங்க.

கரி டிராக் மொத்தமே 2.1 கிலோமீட்டர், நம்மூர் ரேஸர் கரிவரதன் பேர்ல 2003ல தொறந்தது, ஸ்ட்ரெயிட் சின்னது, வளைவு இறுக்கம், அதனால மொத மொதல்ல ஆஃப் பண்ணிப் பாக்க தோதான எடம். கருமத்தம்பட்டி பக்கம் புதுசா வந்த டிராக்ல வேகம் எச்சா, பழகின பொறவு போங்க. எங்க ஓட்டுனாலும் ரெண்டு லேப் டயர் சூடாக ஆன்லயே ஓட்டிட்டு, அப்பறம் நேரான எடத்துல ஆஃப் பண்ணுங்க. முன் டயர் சீக்கிரம் சூடாயிரும், பின் டயர் சூடாக இன்னும் சித்த நேரம் புடிக்கும், மொத லேப்லயே பின்னாடி வெலகறது அதனாலதான். ஆஃப் பண்ண பொறவு மெதுவான வளைவுல மட்டும் எல்லையத் தேடுங்க, வேகமான வளைவுல முன்ன ஓட்டுனதவிட கொறச்சே போங்க.

முன் சக்கர வண்டில மனசுல பதிய வேண்டிய ஒன்னு, பயந்து கால வெடுக்குன்னு எடுக்கறதுதான் சுத்த வைக்கும். வளைவுல இருக்கும்போது ஆக்சிலேட்டர விட்டா வெயிட் முன்னால ஓடும், பின் டயர் பிடிப்ப விடும், வண்டி பின்னாடி ஆட ஆரம்பிக்கும். அப்ப பிரேக்குல கால் போகவே கூடாது. ஸ்டீரிங்க எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டர கொஞ்சமா குடுத்துப் புடிச்சா முன் சக்கரம் வண்டிய இழுத்து நேராக்கும். மனசு கேக்காது, பழகணும். அதையும் தாண்டிச் சுத்திருச்சுன்னா கிளட்சு பிரேக்கு ரெண்டையும் அடி வரைக்கும் மிதிச்சு நிறுத்துங்க, அரைகொறையா புடிச்சு திருப்பி ஓட்டப் பாக்காதீங்க. மூக்கு வெளிய தள்ளுதுன்னா இன்னும் ஸ்டீரிங்கத் திருப்பிப் பிரயோசனமில்ல, கால லேசா கொறச்சு டயர் பிடிக்கற வரைக்கும் பொறுங்க.

ஆனி ஆடில பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து நம்ம பக்கம் சும்மா விடாது. மண்ணு வந்து டிராக் மேல படியும், திடீர்னு ஒரு சாரல் போட்டுட்டுப் போகும், பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா வழுக்கும். துளி விழுந்தா யோசிக்காம ஆன் பண்ணிருங்க, கௌரவம் எல்லாம் பாக்காதீங்க. மத்தியானம் களைப்பா இருந்தாலும் அதேதான்.

செஷன் முடிஞ்சதும் ஒரு லேப் மெதுவா ஓட்டி பிரேக்க ஆற விட்டு உள்ள வாங்க, நிறுத்துன ஒடனே ஹேண்ட் பிரேக் போடாதீங்க, கியர்ல விட்டு கல்ல முட்டுக் குடுங்க. பொதுவா சாவிய ஆஃப் பண்ணி மறுபடி ஸ்டார்ட் பண்ணா ஈஎஸ்சி தானா வந்துரும், இருந்தாலும் ஈஎஸ்சி ஆஃப்னு காட்டுற லைட் அணைஞ்சிருக்கான்னு பாத்துட்டு கேட்டத் தாண்டுங்க. ஆழியாறுலருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அங்க போயி ஆஃப் பண்ணி டெஸ்ட் பண்ணலாமான்னு கேக்கறவங்களுக்கு, கூடவே கூடாதுங்க, எதுக்க வர்ற பஸ்ஸுக்கு உங்க லேப் டைம் தெரியாது. இன்சூரன்ஸும் பாத்துக்கோங்க, நம்ம நாட்டு கார் பாலிசில ரேஸ், வேக டெஸ்ட் இதுக்கெல்லாம் கவர் இல்லைன்னு எழுதியே இருக்கும், டிராக்ல செவுத்துல சாத்துனா பம்பர்லருந்து ஏபிஎஸ் யூனிட் வரைக்கும் மொத்த செலவும் உங்க பாக்கெட்லருந்துதான்.