ஒரே கிளாஸ், நான்கு அணைகள்: எக்ஸ்எம்எல் கோப்பில் ஆப்ஜெக்ட்டுகளை அமைப்பது எப்படி?

மழைக்காலம் தொடங்கிவிட்டால் நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் ஒரு சிறிய பெட்டிச் செய்தி தவறாமல் வரும். 143 அடி கொண்ட பாபநாசம் அணை, 156 அடி கொண்ட சேர்வலாறு அணை, 118 அடி கொண்ட மணிமுத்தாறு அணை என்று வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் அன்றைய நீர்மட்டத்தைப் போட்டிருப்பார்கள். அம்பாசமுத்திரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த உயரங்கள் பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி, கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம்.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன், தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது ஜாவாவில் எழுதிய ஒரு நிரலைக் காட்டினான். அணைகளின் பட்டியலை அச்சிடும் நிரல். ஒவ்வோர் அணையும் அதன் உயரமும் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. "புதிதாக ஓர் அணையைச் சேர்க்க வேண்டும் என்றால்?" என்று கேட்டேன். "நிரலைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும், சித்தப்பா" என்றான். அன்று மாலை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அணைகளின் விவரங்களை நிரலிலிருந்து எடுத்து எக்ஸ்எம்எல் என்ற குறிச்சொல் கோப்பில் வைப்பதுதான் வழி. அதைப் படித்து ஆப்ஜெக்ட்டுகளை உருவாக்கித் தர நாம் பயன்படுத்தப்போவது ஸ்பிரிங் ஃபிரேம்ஒர்க் என்ற ஜாவா நூலகத் தொகுப்பு. ஜாவாவில் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும். ஸ்பிரிங் 6 என்றால் ஜாவா 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு தேவை. மேவன் (நூலகங்களை இறக்கித் திட்டத்தைக் கட்டும் கருவி) திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஸ்பிரிங் கான்டெக்ஸ்ட் என்ற ஒரே ஒரு நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை அதுவே இழுத்துக்கொண்டு வரும்.

முன்கூட்டியே ஒன்று. கீழே வரும் மாதிரிகளில் பீன், பிராப்பர்ட்டி, நேம், வேல்யூ போன்ற சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறிய எழுத்தாக, தட்டச்சு செய்யுங்கள். எக்ஸ்எம்எல்லுக்குத் தமிழ்க் குறிச்சொல்லில் எந்த மறுப்பும் இல்லை. தமிழிலேயே முழுக் கோப்பையும் எழுதலாம். ஆனால் ஸ்பிரிங்குக்குத் தெரிந்த சொற்கள் அதன் இலக்கணக் கோப்பில் உள்ளவை மட்டும்தான். நகலெடுத்து ஒட்டினால் ஓடாது என்பது ஒருவகையில் நல்லதே. தொடங்குகிறவர்கள் கையால் அடித்துப் பிழை வாங்கிப் பழகுவதுதான் சரி.

படி 1: வெறும் கிளாஸ்

அணை என்று ஒரு கிளாஸ் எழுதுங்கள். அதற்குள் மூன்று மாறிகள்: பெயர், உச்சம், இணைப்பு. பெயர் என்பது சரம். உச்சம் என்பது அடிக்கணக்கில் எண். இணைப்பு என்பது இன்னோர் அணை. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு செட்டர், அதாவது மாறிக்கு மதிப்பைத் தரும் மெத்தட், வேண்டும். மாறியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், செட் என்ற சொல்லை அடுத்து அதன் முதல் எழுத்தைப் பெரியதாக்கி எழுதுவது ஜாவா வழக்கம். எக்ஸ்எம்எல் கோப்பில் அதே பெயரைச் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். இந்த இரண்டையும் முடிச்சுப் போடுவது ஸ்பிரிங்கின் வேலை.

உச்சத்தை முழு எண்ணாக வைக்காதீர்கள். திருக்குறுங்குடிப் பக்கத்துக் கொடுமுடியாறு அணையின் உச்சம் 52.50 அடி. முழு எண் என்று அறிவித்துவிட்டால் அந்த ஓர் அணையில் வந்து நிரல் நின்றுவிடும். தசம எண்ணையும் ஏற்கும் டபுள் வகையாக வையுங்கள்.

இந்தக் கிளாஸில் ஸ்பிரிங் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனியுங்கள். யார் தன்னை உருவாக்குகிறார்கள், எந்த உயரத்தைத் தரப்போகிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

படி 2: கோப்பு

திட்டத்தின் ரிசோர்சஸ் கோப்புறையில் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பைத் தொடங்குங்கள். தலைப்பகுதியில் எக்ஸ்எம்எல் அறிவிப்பும் ஸ்பிரிங்கின் ஸ்கீமா (மேலே சொன்ன இலக்கணக் கோப்பு) முகவரிகளும் வர வேண்டும். அவற்றை மட்டும் ஸ்பிரிங் ஆவணத்திலிருந்து நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதை மனப்பாடம் செய்தவரை நான் பார்த்ததில்லை. ஸ்கீமா முகவரியில் பதிப்பு எண் இருந்தால் நீக்கிவிடுங்கள். எண் இல்லாத முகவரி என்றால், ஸ்பிரிங் தன் நூலகப் பொதியான ஜார் கோப்புக்குள் இருக்கும் ஸ்கீமாவையே எடுத்துக்கொள்ளும். ஜாரில் இல்லாத பதிப்பு எண்ணைப் போட்டால் இணையத்தில் தேடப் போகும். மழை நாளில் இணைப்பு அறுந்த ஊரில் அப்போது நிரல் தொடங்கவே தொடங்காது.

உள்ளே எழுத வேண்டியது இவ்வளவுதான்:

<பீன்ஸ்>
  <பீன் ஐடி="பாபநாசம்" கிளாஸ்="நெல்லை.அணை">
    <பிராப்பர்ட்டி நேம்="பெயர்" வேல்யூ="பாபநாசம்"/>
    <பிராப்பர்ட்டி நேம்="உச்சம்" வேல்யூ="143"/>
  </பீன்>
  <பீன் ஐடி="மணிமுத்தாறு" கிளாஸ்="நெல்லை.அணை">
    <பிராப்பர்ட்டி நேம்="பெயர்" வேல்யூ="மணிமுத்தாறு"/>
    <பிராப்பர்ட்டி நேம்="உச்சம்" வேல்யூ="118"/>
  </பீன்>
</பீன்ஸ்>

ஒரு பீன் என்றால் ஓர் ஆப்ஜெக்ட். ஐடி என்பது அதைக் கூப்பிடும் பெயர். கிளாஸ் என்ற இடத்தில் பேக்கேஜ் பெயரோடு முழுப் பெயரையும் எழுத வேண்டும். இங்கே நெல்லை என்பது பேக்கேஜ். ஒவ்வொரு பிராப்பர்ட்டியும் ஒரு செட்டரைக் கூப்பிடுகிறது.

143 மேற்கோள் குறிகளுக்குள் இருக்கிறதே, அது சரமாகிவிடாதா என்று அண்ணன் மகன் கேட்டான். நல்ல கேள்வி. எக்ஸ்எம்எல்லில் எல்லாமே எழுத்துதான். செட்டர் எந்த வகையை எதிர்பார்க்கிறது என்று பார்த்து, ஸ்பிரிங் அதை எண்ணாக மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் ஆசைப்பட்டு "143 அடி" என்று எழுதிவிட்டால் அதனால் மாற்ற முடியாது, வகை பொருந்தவில்லை என்று பிழை வரும். அலகு நிரலில் இருக்கட்டும்.

படி 3: ஓட்டிப் பார்ப்பது

மெயின் மெத்தடில் கிளாஸ்பாத் எக்ஸ்எம்எல் அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் என்ற நீண்ட பெயர் கொண்ட ஆப்ஜெக்ட்டை, நம் கோப்பின் பெயரைக் கொடுத்து உருவாக்குங்கள். பிறகு அதனிடம் கெட் பீன் என்று கேட்டு, "மணிமுத்தாறு" என்ற ஐடியையும் அணை என்ற கிளாஸையும் கொடுங்கள். முழுதாக நிரப்பப்பட்ட ஆப்ஜெக்ட் கையில் வந்துவிடும். புதிய அணை வேண்டுமா? கோப்பில் நான்கு வரி சேர்த்து மறுபடி ஓட்டினால் போதும். ஜாவா கிளாஸைத் தொட வேண்டியதில்லை.

படி 4: அணையோடு அணையை இணைப்பது

இதுதான் விஷயத்தின் உயிர், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பாபநாசம் அணையும் சேர்வலாறு அணையும் சுரங்கம் வழியாக இணைக்கப்பட்டவை. அதனால் சேர்வலாறைப் பற்றிப் பேசும் ஆப்ஜெக்ட்டுக்குப் பாபநாசம் யார் என்று தெரிய வேண்டும். எண்ணையோ பெயரையோ கொடுக்க வேல்யூ. இன்னோர் ஆப்ஜெக்ட்டையே கொடுக்க ரெஃப்:

<பீன் ஐடி="சேர்வலாறு" கிளாஸ்="நெல்லை.அணை">
  <பிராப்பர்ட்டி நேம்="பெயர்" வேல்யூ="சேர்வலாறு"/>
  <பிராப்பர்ட்டி நேம்="உச்சம்" வேல்யூ="156"/>
  <பிராப்பர்ட்டி நேம்="இணைப்பு" ரெஃப்="பாபநாசம்"/>
</பீன்>

சேர்வலாறு தன் துணையைத் தானே தேடிப் போகவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இதற்கு டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்று பெயர். பெயர் பயமுறுத்தும், செயல் இந்த ஒரு வரிதான்.

சேர்வலாறுக்குப் பாபநாசம் தெரிந்தால், பாபநாசத்துக்கும் சேர்வலாறு தெரிய வேண்டாமா? பாபநாசம் பீனிலும் இணைப்பு என்று போட்டு ரெஃப்பில் சேர்வலாறு என்று எழுதுங்கள். இது வேலை செய்யும். எப்படி என்றால், ஸ்பிரிங் முதலில் பாபநாசத்தை வெறுமையாக உருவாக்கி வைக்கிறது. பிறகு அதை நிரப்பத் தொடங்கும்போது சேர்வலாறு தேவைப்படுவதைக் கண்டு, அதை உருவாக்கி, பாதி நிரம்பிய பாபநாசத்தையே அதன் கையில் கொடுக்கிறது. கடைசியில் திரும்பி வந்து பாபநாசத்தை முடிக்கிறது. செட்டர் இருப்பதால்தான் இந்த வித்தை நடக்கிறது. இரண்டு அணைகளும் தம் துணையைக் கன்ஸ்ட்ரக்டர் வழியாகவே கேட்டால், முட்டையா கோழியா என்ற கதைதான். ஸ்பிரிங் கையை விரித்துவிடும். ஸ்பிரிங் திட்டங்களை விரைவாகத் தொடங்க உதவும் ஸ்பிரிங் பூட்டின் புதிய பதிப்புகள் செட்டர் வழியான வட்டத்தையும் முதலிலேயே தடுத்துவிடுகின்றன. நாம் இங்கே பூட் இல்லாமல் ஓட்டுகிறோம்.

இந்த இடத்தில் அண்ணன் மகனின் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் ஓடின. ஸ்பிரிங்கைத் திட்டத் தொடங்கினான். குற்றம் அதனுடையது அல்ல. அணை கிளாஸின் டூ ஸ்ட்ரிங் மெத்தடில் இணைப்பையும் முழுதாக அச்சிடச் சொல்லியிருந்தான். பாபநாசம் சேர்வலாறை அச்சிட, அது பாபநாசத்தை அச்சிட, மெத்தட் அழைப்புகளுக்கான நினைவக அடுக்கு (ஸ்டாக்) நிரம்பி வழிந்துவிட்டது. இணைப்பின் பெயரை மட்டும் அச்சிட்டதும் சரியானது.

படி 5: பட்டியல்

தாமிரபரணியில், நீரைக் கால்வாய்களுக்குத் திருப்பும் எட்டு அணைக்கட்டுகள். மலையிலிருந்து கடல் நோக்கி அவற்றின் வரிசை மாறக் கூடாது. ஆறு என்று இன்னொரு கிளாஸ் எழுதி, அதில் சரங்களின் பட்டியலாக ஒரு மாறி வையுங்கள்.

<பீன் ஐடி="தாமிரபரணி" கிளாஸ்="நெல்லை.ஆறு">
  <பிராப்பர்ட்டி நேம்="அணைக்கட்டுகள்">
    <லிஸ்ட்>
      <வேல்யூ>கோடைமேலழகியான்</வேல்யூ>
      <வேல்யூ>நதியுண்ணி</வேல்யூ>
      <வேல்யூ>கன்னடியன்</வேல்யூ>
      <வேல்யூ>அரியநாயகிபுரம்</வேல்யூ>
      <வேல்யூ>பழவூர்</வேல்யூ>
      <வேல்யூ>சுத்தமல்லி</வேல்யூ>
      <வேல்யூ>மருதூர்</வேல்யூ>
      <வேல்யூ>ஸ்ரீவைகுண்டம்</வேல்யூ>
    </லிஸ்ட்>
  </பிராப்பர்ட்டி>
</பீன்>

எழுதிய வரிசையிலேயே பட்டியல் வரும். ஆப்ஜெக்ட்டுகளின் பட்டியல் வேண்டும் என்றால் வேல்யூவுக்குப் பதில் ரெஃப். மேப், செட் என்றும் உண்டு. அவற்றை நீங்களே முயன்று பாருங்கள்.

படி 6: எத்தனை ஆப்ஜெக்ட்?

பாபநாசத்தை நிரலில் பத்து இடத்தில் கேட்டாலும் ஸ்பிரிங் ஒரே ஆப்ஜெக்ட்டைத்தான் தரும். இதுவே இயல்பு, சிங்கிள்டன் என்பார்கள். பாபநாசம் அணை ஊரில் ஒன்றுதானே, பொருத்தமாகத்தான் இருக்கிறது. தினசரி அறிக்கைத் தாள் மாதிரி ஒவ்வொரு முறையும் புதியது வேண்டும் என்றால், பீன் குறிச்சொல்லில் ஸ்கோப் என்று போட்டு புரோட்டோடைப் என்று எழுதுங்கள்.

எதைக் கோப்பில் எழுதக் கூடாது

எல்லாம் புரிந்த உற்சாகத்தில் அண்ணன் மகன் இன்றைய நீர்மட்டத்தையும் கோப்பில் சேர்த்துவிட்டான். நான் அதை அழிக்கச் சொன்னேன். 143 என்பது கட்டியவர்கள் முடிவு செய்தது. இன்றைய மட்டம் மழை முடிவு செய்வது. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கான்டெக்ஸ்ட் இந்தக் கோப்பைத் தொடக்கத்தில் ஒரு முறைதான் படிக்கிறது. பிறகு நீங்கள் கோப்பை மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குத் தெரியாது. நாள்தோறும் மாறுவது தரவுத்தளத்துக்கு உரியது. அதேபோல், கணக்கிடும் முறைகளையும் கோப்பில் திணிக்காதீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு திட்டத்தில் நிபந்தனைகளைக்கூட எக்ஸ்எம்எல்லில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்துப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு மாதம் ஆனது.

இப்போது யார் எக்ஸ்எம்எல் எழுதுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஸ்பிரிங் 1.0 வெளிவந்த 2004இல் இதுதான் வழி. 2007இல் வந்த 2.5 பதிப்பிலிருந்து அனோடேஷன்கள் (ஜாவா நிரலிலேயே @ குறியோடு எழுதும் குறிப்புகள்) பெருகின, 2009இன் 3.0 பதிப்பில் ஜாவாவிலேயே அமைப்பு எழுதும் வழியும் சேர்ந்தது. ஆனாலும் பழைய திட்டங்கள் பல இன்னும் எக்ஸ்எம்எல்லில்தான் ஓடுகின்றன, வேலைக்குப் போனால் சந்திப்பீர்கள். தவிர, கிளாஸின் தலையில் ஒட்டும் அனோடேஷன் கிளாஸுக்கு ஒரு பீனைத்தான் தரும். ஒரே கிளாஸில் நான்கு அணைகள் என்ற நம் கணக்குக்கு எக்ஸ்எம்எல் இன்றும் வசதி.

பிழை வந்தால்

முதல் வரிக்கு முன் ஒரு வெற்று வரி இருந்தாலும் எக்ஸ்எம்எல் அறிவிப்பு செல்லாது. "&" குறியை அப்படியே எழுதக் கூடாது; அதற்கு "&" குறியோடு ஆங்கில எழுத்தில் ஏ, எம், பி, கடைசியில் அரைப்புள்ளி என்று எழுத வேண்டும். கோப்பை யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். நோட்பேடில் ஆன்சி என்று சேமித்தால் அணைகளின் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

செட்டர் இல்லாத பிராப்பர்ட்டியை எழுதினால் அதை நிரப்ப முடியவில்லை என்று வரும், பெரும்பாலும் எழுத்துப்பிழைதான். கிளாஸில் அளவுரு கேட்கும் கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை எழுதிவிட்டால், ஜாவா தானாகத் தரும் வெறும் கன்ஸ்ட்ரக்டர் போய்விடும். அதையும் நீங்களே எழுதுங்கள்.

தமிழில் ஐடி வைக்கிறவர்களுக்கு மட்டும் இரண்டு பொறிகள். ஐடியில் பாபநாசம் என்றும் ரெஃப்பில் பாபனாசம் என்றும் எழுதினால், அப்படி ஒரு பீனே இல்லை என்று ஸ்பிரிங் சொல்லும். நம் கண் ந, ன வேறுபாட்டைத் தாண்டிப் போய்விடும், கணினி போகாது. இன்னொன்று இதைவிட மோசம். கொடுமுடியாறு என்பதன் முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். ஸ்பிரிங்குக்கு அவை இரண்டு வேறு அணைகள். வேறுவேறு விசைப்பலகைகளில் அடித்த கோப்புகளில் இது நடக்கும். ஐடியை ஒரு முறை அடித்துவிட்டு, மற்ற இடங்களில் அதையே நகலெடுத்து ஒட்டுங்கள். அண்ணன் மகன் ஐடிகளை ஆங்கில எழுத்துக்கு மாற்றிக்கொண்டான். பெயர் என்ற பிராப்பர்ட்டியில் மட்டும் தமிழை வைத்துக்கொண்டான்.