மைக்கில் பெயர் தப்பாமல் சொல்வது எப்படி

கபடி வர்ணனைக்கு மைக் பிடிக்க வரும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது குரலைப் பற்றித்தான். ஏற்ற இறக்கம் எப்படிக் கொண்டுவருவது, மூச்சு வாங்காமல் எப்படிப் பேசுவது என்பார்கள். அதெல்லாம் நாலு ஆட்டம் பேசினால் தானாக வந்துவிடும். பெயர் தானாக வராது. அதைத் தேடிப் போய்க் கேட்டு வாங்க வேண்டும். தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்த் திடல்களில் நடக்கும் கபடிக்கும் சரி, யூடியூபில் நேரலையாகப் போகும் லீக் கிரிக்கெட்டுக்கும் சரி, நான் சொல்லித் தருவது இங்கிருந்துதான் தொடங்கும்.

ஒரு பையன் வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்து ஒரு நல்ல ரைடு (எதிரணிப் பக்கம் பாடிப் போவது) போகிறான். அவன் அண்ணன் சவுதியில் வேலை முடிந்து வந்து போனில் அந்த நேரலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் வேறொருவன் பெயர் ஒலித்தால், அந்தப் பாயிண்ட் வீட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை. இதைப் பெரிய தவறாகத்தான் நினைக்கிறேன். “பேருதானே, விடுங்க” என்று சொல்பவரோடு சேர்ந்து நான் மைக்கில் உட்காருவதில்லை.

டீம் ஷீட், அதாவது ஆட்டக்காரர் பட்டியல், கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது மேனேஜர் அவசரத்தில் எழுதியது. இனிஷியல் மாறியிருக்கும், பாதிப் பெயர் விட்டுப்போயிருக்கும், வராத ஆள் பெயரும் இருக்கும். வார்ம்-அப் நேரத்திலேயே திடலுக்குள் போய்விடுங்கள். கேப்டனை நிறுத்தி எல்லார் பெயரையும் படிக்கச் சொல்லாதீர்கள், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. “தம்பி, இசக்கிமுத்துதானே?” என்றால் “ஆமாண்ணே” என்றுதான் பதில் வரும். அவன் கவனம் முழுக்க ஆட்டத்தில் இருக்கும். பெரியவர் சொல்வதைத் திருத்தக் கூச்சமும் இருக்கும். நீங்கள் எதையும் எடுத்துக் கொடுக்காமல் இப்படிக் கேளுங்கள்: “தம்பி, உன் நம்பரையும் பேரையும் நீயே சொல்லு.” “ஏழு. இசக்கிராஜாண்ணே.” அடுத்து, “மைக்ல எப்படிக் கூப்பிடணும்?” “ராஜான்னே சொல்லுங்கண்ணே, இசக்கின்னு இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க.” இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம். எங்கள் பக்கத்தில் ஒரே அணியில் இசக்கிமுத்து, இசக்கிராஜா, இசக்கிப்பாண்டி என்று மூன்று பேர் ஆடுவது சாதாரணம். எல்லாரையும் “இசக்கி, இசக்கி” என்று கூப்பிட்டால் மூன்று பேருக்குமே பெயர் இல்லாமல் போய்விடும். இரண்டு பதிலையும் போனில் ரெக்கார்ட் செய்துகொள்ளுங்கள். ஏழு பேரும் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களும் சேர்த்துப் பன்னிரண்டு பேர்தான். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தச் சிக்கல் ஊர்த் திடலோடு நிற்பதில்லை. இலங்கை அணியில் குசல் மெண்டிஸ், குசல் பெரேரா, கமிந்து மெண்டிஸ் மூவரும் சேர்ந்து ஆடினால் முதல் பெயரும் குழப்பும், கடைசிப் பெயரும் குழப்பும். அங்கே முழுப்பெயரைச் சொல்வதைத் தவிர வேறு வழி கிடையாது. இந்திய மகளிர் அணியில் ஹர்மன்பிரீத்தும் அமன்ஜோத்தும் சேர்ந்து இறங்கும்போது “கவுர்” என்று மட்டும் சொன்னால் யாரைச் சொன்னீர்கள் என்றே கேட்பவருக்குத் தெரியாது.

அடுத்தது அப்பா பெயர். இதில் நாம் மற்றவர்களைவிட நன்றாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் இது நம் வழக்கம். வாஷிங்டன் சுந்தரை ஸ்கோர்போர்டைப் பார்த்து “சுந்தர்” என்று சொல்லும்போது கூப்பிடுவது அவருடைய அப்பாவைத்தான். அந்த அப்பா எம். சுந்தர், தனக்கு உதவிய பி.டி. வாஷிங்டன் என்ற முன்னாள் ராணுவ வீரரின் நினைவாக மகனுக்கு அந்தப் பெயரை வைத்தார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்டில் அறிமுகமாகி முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்து 62 ரன் அடித்த பையனுக்குச் சொந்தமான பெயர் வாஷிங்டன். உயரம் தாண்டும் மாரியப்பனுக்கும் இதே கதை. 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் வாங்கியவர். உலக மேடையில் பலமுறை “தங்கவேலு” என்று அப்பா பெயரால் அழைக்கப்பட்டார். பாரிஸில் பாரா பேட்மின்டனில் வெள்ளி வென்ற துளசிமதிக்கு “முருகேசன்” என்றால் அதுவும் அப்படித்தான். விஸ்வநாதன் ஆனந்தை உலகமே “விஷி” என்று அன்பாகக் கூப்பிட்டது, அதுவும் அப்பா பெயரிலிருந்து வந்ததுதான். 2024-ல் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல். ஆடிய யாழ்ப்பாணத்துச் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்தைத் தமிழ் வர்ணனையில் “விஜயகாந்த்” என்று சொல்லாதீர்கள், அவர் வியாஸ்காந்த்.

ஆனால் எல்லாரையும் இந்தக் கணக்கில் போட்டுவிடக் கூடாது. செஸ் வீரர் குகேஷுக்கு முன்னால் வரும் தொம்மராஜு குடும்பப் பெயர். மணிப்பூர் வீரர்களில் சிங், தேவி என்பவை பலருக்குப் பொதுவாக வரும். அதைச் சொல்லி யாரையும் அடையாளம் காட்ட முடியாது. கொரியர்கள் குடும்பப் பெயரை முதலில் சொல்வார்கள், கால்பந்து வீரர் சோன் ஹியுங்-மின்னில் சோன்தான் குடும்பப் பெயர். ஐஸ்லாந்துக்காரர்கள் நம்மைப் போலவே அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள், ஊரில் முதல் பெயரால்தான் கூப்பிடுவார்கள். எந்த ஊர் ஆள் என்று தெரிந்துகொண்ட பிறகே எந்தத் துண்டைச் சொல்வது என்று முடிவு செய்யுங்கள்.

ஆங்கில எழுத்தை வைத்து உச்சரிப்பை ஊகிக்காதீர்கள். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் நோர்க்யா பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் “நோர்ட்ஜே” என்று வரும். மார்கோ யான்சனை “ஜான்சன்” என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டு பிளெசியின் கடைசி எழுத்துக்கு ஒலியே கிடையாது. டென்னிஸில் போலந்தின் ஷ்வியோன்டெக், செர்பியாவின் ஜோகோவிச் எல்லாம் இந்த வகை. ஆண்கள் டென்னிஸ் என்றால் அதை நடத்தும் ஏ.டி.பி. அமைப்பின் தளத்தில் வீரர்கள் தங்கள் பெயரைத் தாங்களே சொன்ன ஒலிப்பதிவுகள் இருக்கின்றன. மற்ற விளையாட்டுகளுக்கு அந்த வீரரின் தாய்மொழிப் பேட்டி ஒன்றைத் தேடுங்கள். பேட்டி எடுப்பவர் தொடக்கத்திலேயே பெயரைச் சொல்வார், அது போதும்.

வடக்கத்திப் பெயர்களில் நமக்கென்று ஒரு தனிக் குழி இருக்கிறது. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி.எச்’ (th) வந்தால் அது த. கார்த்திக், நித்யா என்று எழுதிப் பழகிய கண்ணோடு கிரிக்கெட் வீரர் ஷர்துல் பெயரையும் “தாக்கூர்” என்று வாசித்துவிடுகிறோம். இந்தியில் அது டகரம், டாக்குர். தமிழ் தலைவாஸ் கபடி அணிக்குக் கேப்டனாக இருந்த அஜய்க்கும் அதே டாக்குர்தான். அதே சமயம் ‘டி’ (t) மட்டும் வரும் ரோஹித், ருதுராஜ், திலக் எல்லாம் தகரம். அவர்கள் பக்கம் நடராஜனை “நட்ராஜன்” ஆக்குவது நமக்கு உறுத்துகிறது. நாம் செஹ்வாக்கை “ஷேவாக்” ஆக்கியதும் அவர்களுக்கு அப்படியே உறுத்தியிருக்கும்.

இப்போது தாளுக்கு வருவோம். பெயர்களைத் தமிழில் எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதினால் அவசரத்தில் கண் மறுபடியும் எழுத்துக் கூட்டும். தமிழ் எழுத்தில் க-வும் ப-வும் இரண்டு ஒலிக்கும் பொது என்பதால், அழுத்தமில்லாமல் மென்மையாகச் சொல்ல வேண்டிய எழுத்தின் கீழே சிவப்பில் ஒரு கோடு போடுங்கள். ‘கில்’லில் க-வின் கீழே கோடு, ‘கிஷன்’ என்றால் கோடு கிடையாது. ‘பும்ரா’வில் ப-வின் கீழே கோடு, ‘பந்த்’துக்கு வேண்டாம். நம்பர் பெரிதாக, கூப்பிடும் பெயர் அதன் பக்கத்தில், முழுப்பெயர் சிறிதாகக் கீழே. ஒரு அணிக்கு ஒரு பக்கம். திருப்பிப் பார்க்கும்படி வைக்காதீர்கள்.

பிறகு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பெயரைத் தனியாகச் சொல்வது பயிற்சியே அல்ல. தமிழில் பெயரோடு வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும், நாக்கு தடுமாறுவது அங்கேதான். “நோர்க்யா” என்று நன்றாகச் சொல்பவர் “நோர்க்யாவோட பந்தை டி காக்குக்கு” என்று வரும்போது சிக்கிக்கொள்வார். அதனால் ஒவ்வொரு பெயரையும் ஐ, ஆல், உக்கு, கிட்ட, ஓட சேர்த்து, ஆட்டத்தின் வேகத்தில் வாக்கியமாகச் சொல்லுங்கள்: “ராஜாவை மடக்கப் பாக்குறாங்க, ராஜா கோட்டைத் தொட்டுட்டாரு, ராஜாவுக்கு ரெண்டு பாயிண்ட்.” ரைடு ஒன்றுக்கு 30 விநாடிதான், அதில் பெயரைத் தேட நேரம் கிடைக்காது.

ஆளை அடையாளம் காண நம்பரை மட்டும் நம்பாதீர்கள். 2018 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன் நடந்த ஆட்டங்களில் தென்கொரியப் பயிற்சியாளர் ஷின் டே-யோங், எதிரணி உளவு பார்ப்பதைக் குழப்ப வீரர்களின் ஜெர்சியையே மாற்றிப் போட வைத்தார். நம் திடலில் யாரும் அப்படித் திட்டம் போடுவதில்லை, ஆனால் கிழிந்த ஜெர்சிக்குப் பதில் அண்ணனுடையதைப் போட்டு வருவார்கள், சேற்றில் நம்பர் மறைந்துவிடும். எந்தக் காலை முன்னால் வைத்து நிற்கிறான், முட்டியில் கேப் போட்டிருக்கிறானா, முடிவெட்டு எப்படி என்று வார்ம்-அப்பிலேயே பார்த்துத் தாளில் ஒரு சொல் குறித்துவிடுங்கள். முடிந்தால் பக்கத்தில் இரு அணியையும் தெரிந்த உள்ளூர் ஆள் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் வாயால் சொல்லக் கூடாது, தாளில் பெயர்மேல் விரலை வைத்தால் போதும்.

ஆள் தெரியவில்லை என்றால் ஊகித்துச் சொல்லாதீர்கள். “ரைடர் உள்ளே போறாரு” என்று தொடங்கி, முகம் திரும்பியதும் பெயரைச் சொல்லுங்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்த மூச்சிலேயே “இல்ல, ராஜா, இசக்கிராஜா” என்று திருத்திவிட்டுத் தொடருங்கள். பேசாமல் நழுவக் கூடாது, நீளமாக மன்னிப்பும் கேட்க வேண்டாம். பாயிண்ட் அறிவிக்கும்போது சரியான பெயரை இன்னொரு முறை சொல்லுங்கள்.

பெயரை வைத்துக் கேலி செய்வதை மட்டும் நான் மன்னிக்க மாட்டேன். 2018 மெல்போர்ன் டெஸ்டில் ஆஸ்திரேலிய வர்ணனையாளர் கெரி ஓ’கீஃப் புஜாரா, ஜடேஜா பெயர்களை வைத்துச் சிரித்தார், பிறகு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. யார்க்‌ஷையரில் ஆடியபோது சேதேஷ்வர் என்ற அவருடைய பெயர் சொல்ல வரவில்லை என்று புஜாராவை “ஸ்டீவ்” ஆக்கினார்கள். அதை வர்ணனையில் எடுத்துச் சொன்னதும் கண்டனத்துக்கு உள்ளானது. வாயில் நுழையாத பெயர் வந்தால் பத்து முறை கூடுதலாகச் சொல்லிப் பாருங்கள். பட்டப்பெயர் வேண்டும் என்றால் அதையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள்.

ஆட்டம் முடிந்ததும் ஒலிப்பதிவை அழித்துவிடாதீர்கள். அணி, ஊர், தேதி போட்டுச் சேமித்து வையுங்கள். அடுத்த சீசனில் அதே பையன் வேறு அணியில், வேறு நம்பரில் வருவான். அப்போது பழைய பதிவைக் கேட்டுவிட்டுப் போனாலும், “தம்பி, இப்பவும் ராஜாதானா, வேற மாதிரி சொல்லணுமா?” என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.