துளையில்லாத கடல்நீர்த் தொட்டிக்குச் சம்ப்: தரை நனையாமல் அமைக்கும் முறை

உப்புநீர், பாறை, மீன் எல்லாம் தொட்டியில் குடியேறிய பிறகுதான் பலருக்கும் சம்ப் (மேல்தொட்டியின் நீர் இறங்கித் தங்கி, பம்ப் வழியே திரும்ப மேலேறும் கீழ்த்தொட்டி) நினைப்பு வருகிறது. பின்கண்ணாடியில் தொங்கியபடி கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் இரைச்சலும் நாள்தோறும் இறங்கும் நீர்மட்டமும் அந்த நினைப்பைக் கிளப்பிவிடும். நிறைந்த தொட்டியில் துளை போட முடியாது. உங்கள் தொட்டி இன்னும் காலியாக இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு, வைர முனை வட்ட வாள் வைத்திருக்கும் கண்ணாடிக்காரரிடம் கொடுத்துத் துளை போட்டுக்கொள்ளுங்கள்; அதுவே நல்ல வழி. டெம்பர்டு (வெப்பத்தால் கடினமாக்கிய) கண்ணாடியில் மட்டும் வாளை வைக்காதீர்கள், மொத்தமாக நொறுங்கிவிடும்.

மற்றவர்களுக்கு இருப்பது தொட்டியின் விளிம்பில் மாட்டி நீரைச் சம்ப்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி. அதன் பெயர் கெட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. ஆனால் வெள்ளம் வருவதற்குப் பெரும்பாலும் இரண்டே வழிகள்தான். மின்சாரம் நின்று மேல்தொட்டி நீர் கீழே இறங்கிச் சம்ப் வழிவது ஒன்று. சைஃபன் (விளிம்புக்கு மேலாக வளைந்த குழாயில் காற்றில்லாமல் தானே ஓடும் நீர்) அறுந்தோ அடைபட்டோ நீர் இறங்காமல் போக, பம்ப் மட்டும் ஏற்றிக்கொண்டே இருந்து மேல்தொட்டி வழிவது மற்றொன்று. இரண்டையும் தடுப்பது வால்வும் சென்சாரும் அல்ல, நீரின் அளவுதான்.

முதலில் கணக்கு

120 × 45 செ.மீ. அடிப்பரப்புள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு செ.மீ. உயர நீர் 5.4 லிட்டர். பம்ப் ஓடும்போது நீர்மட்டத்துக்கும் விளிம்புக்கும் 3.5 செ.மீ. இடைவெளி இருந்தால், மேலே இன்னும் ஏறக்குறைய 19 லிட்டர் பிடிக்கும். ஆகவே சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில், பம்ப்பின் உறிஞ்சு வாய்க்கு மேலே நிற்கும் நீர் எப்போதும் 19 லிட்டருக்குள் இருக்க வேண்டும். அந்த அறை 25 × 30 செ.மீ. என்றால் செ.மீ.க்கு 0.75 லிட்டர், 18 செ.மீ. நீர் நின்றால் 13.5 லிட்டர். சைஃபன் அறுந்தாலும் மேல்மட்டம் 2.5 செ.மீ. ஏறி நின்றுவிடும். பம்ப் வறண்டு ஓடிக் கெட்டுப்போகலாம். போகட்டும், தரை காய்ந்திருக்கும்.

அடுத்தது மின்தடைக் கணக்கு. மேல்மட்டம் 1.5 செ.மீ. இறங்கும் என்றால் 8 லிட்டர். குழாய்களிலும் பெட்டியிலும் இருப்பதற்கு இன்னும் 2 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். 75 × 30 செ.மீ. சம்ப்பில் இந்த 10 லிட்டர் நான்கரை செ.மீ. உயரம் ஏறும். நான் 10 செ.மீ. காலியாக விடச் சொல்வேன்.

சம்ப்

சென்னையில் இருப்பவர்கள் கொளத்தூர்க் கடைகளில் அளவு கொடுத்தால் ஒட்டிக் கொடுப்பார்கள். அறைகளின் அமைப்பு பற்றி எங்கும் படிக்கலாம், இங்கே நீட்டவில்லை. ஒன்றை மட்டும் நீங்களே பாருங்கள்: பம்ப் அறைக்கு முந்தைய கடைசித் தடுப்பு அடிவரை ஒட்டியிருக்க வேண்டும். குமிழி பிடிக்கும் தடுப்புகளில் ஒன்றைத் தரையிலிருந்து தூக்கி ஒட்டுவது வழக்கம். கைத்தவறாகக் கடைசித் தடுப்பையும் அப்படியே ஒட்டிவிட்டால், ஸ்கிம்மர் அறை நீரும் சேர்ந்து மேலேறிவிடும், மேலே போட்ட கணக்கு செல்லாது. பம்ப் அறையில் மட்டும் ஒரு குவளை நீர் ஊற்றிப் பக்கத்து அறை நனைகிறதா என்று பாருங்கள். சிலிகான் மீன் தொட்டிக்கானதாக இருக்கட்டும். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்புச் சிலிகான் தொட்டிக்கு விஷம்.

ஓவர்ஃப்ளோ பெட்டி

தொட்டிக்குள் தொங்கும் உட்பெட்டி, வெளியே தொங்கும் வெளிப்பெட்டி, இரண்டையும் விளிம்புக்கு மேலாக இணைக்கும் யு-குழாய். நீர் உட்பெட்டியின் மேல்விளிம்பில் சீப்புபோல் வெட்டிய பற்கள் வழியே வழிந்து, யு-குழாயில் ஏறி, வெளிப்பெட்டியின் முன்னறைக்கு வருகிறது. அங்கே ஒரு தடுப்பைத் தாண்டிப் பின்னறைக்கு விழுந்து, குழாய் வழியே சம்ப்புக்கு இறங்குகிறது.

என்னை நெடுநாள் குழப்பியது அந்தத் தடுப்பின் உயரம்தான். மின்சாரம் நின்றதும் பற்கள் வழியே நீர் வருவது நின்றுவிடும். உட்பெட்டியும் வெளிப்பெட்டியின் முன்னறையும் ஒரே மட்டத்துக்கு, அதாவது தடுப்பின் விளிம்பு மட்டத்துக்கு வந்து நிற்கும். அந்த நிலையில் யு-குழாயின் இரு முனைகளும் நீருக்குள் இருந்தால் சைஃபன் உயிரோடு காத்திருக்கும். மின்சாரம் வந்ததும் தானே ஓடத் தொடங்கும். ஒரு முனை காற்றைத் தொட்டாலும் அறுந்துவிடும். ஆகவே தடுப்பு, குழாய் முனைகளைவிட 4, 5 செ.மீ. மேலே இருக்க வேண்டும்.

அதே தடுப்பு பற்களைவிடக் கீழேயும் இருக்க வேண்டும். இரண்டு பெட்டிகளின் மட்ட வேறுபாடுதான் நீரைக் குழாயில் தள்ளுகிறது. 25 மி.மீ. உள்விட்டக் குழாயில் மணிக்கு 1,200 லிட்டர் ஓட ஏழு செ.மீ. அளவு வேறுபாடு தேவைப்படும். எனவே பற்களின் அடியிலிருந்து 8 செ.மீ. கீழே தடுப்பு, அதற்கு 5 செ.மீ. கீழே குழாய் முனைகள், அதற்கும் கீழே 3 செ.மீ. விட்டுப் பெட்டியின் அடிப்பாகம். கடையில் 10 செ.மீ. ஆழப் பெட்டியை நீட்டினால் வாங்காதீர்கள்.

இனிக் குமிழி. யு-குழாயின் உச்சியில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. நீரில் கரைந்த காற்று அங்கே பிரிந்து வரும். பற்களில் விழும் நீர் இழுத்து வரும் குமிழிகள் வேறு. வளைவின் உச்சியில் கடுகளவு குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டு நடுங்கும். ஓட்டம் போதுமான வேகத்தில் இருந்தால் சற்று நேரத்தில் நழுவி வெளிப்பெட்டிப் பக்கம் போய்விடும். வேகம் குறைந்தால் அங்கேயே நின்று, அடுத்ததோடு சேர்ந்து, வளைவை நிறைத்து, ஒருநாள் சைஃபனை அறுத்துவிடும். ‘பாதுகாப்புக்கு இரண்டு குழாய்’ என்ற அறிவுரை இங்கேதான் இடறுகிறது. மேலே சொன்ன ஓட்டம் ஒரு குழாயில் வினாடிக்கு 68 செ.மீ. வேகத்தில் போகும். இரண்டாகப் பிரித்தால் 34. இரண்டிலும் குமிழி தங்க வாய்ப்பு கூடும். ஓட்டம் ஒரு குழாய்க்குத் தக்கதாக இருந்தால் ஒன்றே போதும் என்பது என் கட்சி.

குழாய் கண்ணாடிபோல் தெளிவான அக்ரிலிக்கில், ஒரே வளைவாக வளைத்ததாக இருக்கட்டும். பி.வி.சி. எல்போ வைத்துச் செய்தால் மூலைகளில் காற்று தங்கும், உள்ளே என்ன நடக்கிறது என்றும் தெரியாது. சைஃபனைத் தொடங்க, இரு பெட்டிகளிலும் நீர் ஊற்றி, மெல்லிய ஏர் டியூபை யு-குழாயின் உச்சிவரை நுழைத்து, காற்று முழுவதையும் உறிஞ்சி, டியூபை உருவிவிடுங்கள். உச்சியில் சிறு உறிஞ்சு பம்ப்பை நிரந்தரமாக இணைப்பவர்களும் உண்டு. அதை நம்பி ஓட்டத்தைக் குறைக்காதீர்கள். அடைபடக்கூடிய இன்னொரு பொருள் அது.

இறங்கும் குழாயின் முனை சம்ப் நீருக்குள் 2 செ.மீ. மட்டும் மூழ்கினால் போதும். ஆழமாக விட்டால் காற்று வெளியேற வழியின்றிக் களகளவென்று ஏப்பம் விடும்.

மேலேறும் குழாய்

ரிட்டர்ன் குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு ஒன்றரை செ.மீ. கீழேயே வையுங்கள். மின்சாரம் நின்றால் நீர் பின்னோக்கி இறங்கும்; வாய் வெளியே தெரிந்ததும் காற்று புகுந்து நின்றுவிடும். குழாயில் சிறு துளை போடச் சொல்வார்கள். போடலாம், ஆனால் அது பாசியில் அடைபடும். ஒருவழி வால்வை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை; ஒரு சுண்ணத் துணுக்கு மாட்டினாலும் மூடாது.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டி.சி. பம்ப் விலை கூடினாலும் வாங்கத் தக்கது. ஓட்டத்தைச் சரிசெய்வது எப்போதும் ஏறும் பக்கத்தில்தான். இறங்கும் குழாயில் வால்வே வேண்டாம். பித்தளை வால்வும் இரும்பு வளையக் கவ்வியும் எங்கும் வேண்டாம். பித்தளையில் உள்ள செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும்.

சோதனை

உப்பளவு சரிபார்த்த நீரைச் சம்ப்பில் நிரப்பி ஓடவிட்டு, மட்டம் நிலைத்ததும் பம்ப் அறைக் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்கு மேல் யாரும் ஊற்றக் கூடாது. பிறகு பம்ப்பை நிறுத்தி, நீர் இறங்கி முடியும்வரை காத்திருந்து, சம்ப்பில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பாருங்கள். மறுபடி ஓடவிடுங்கள், சைஃபன் தானே எழ வேண்டும். இதைப் பலமுறை செய்யுங்கள். கடைசியாக, பம்ப் ஓடும்போதே யு-குழாயில் காற்றை விட்டு வேண்டுமென்றே அறுத்துவிடுங்கள். மேல்தொட்டி வழிவதற்குள் பம்ப் வறள வேண்டும். இந்தச் சோதனைக்குத் துணியாத தொட்டியை வீட்டில் விட்டுவிட்டு ஊருக்குப் போகாதீர்கள்.

மின்சாரம்

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடத் தாழத் தொங்கி மேலேற வேண்டும். வழியும் நீர் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை காலை 9 முதல் பிற்பகல் 2 வரை நீளும் என்பதால், மேல்தொட்டியில் அலை எழுப்பும் பம்ப்பை இன்வெர்ட்டரில் கொடுங்கள். ரிட்டர்ன் பம்ப் நின்றாலும் மீன் மூச்சுவிடும்.

பின்னர் சேர்த்தது

ஆவியாகும் நீரை ஈடுசெய்யத் தானியங்கி நிரப்பி வைத்திருக்கும் சிலர் கேட்டதால் இதையும் எழுதுகிறேன். சைஃபன் அறுந்து பம்ப் அறை வறண்டால், மிதவை அதை ஆவியானதாக எடுத்துக்கொண்டு நன்னீரை ஊற்றத் தொடங்கும். பம்ப் அதையும் மேலேற்றும். 20 லிட்டர் கேன் வைத்திருந்தால் வெள்ளமும் வரும், உப்பும் இறங்கும். மேலே போட்ட கணக்கில் மிச்சம் ஐந்தரை லிட்டர்தான். ஆகவே கேன் 5 லிட்டருக்கு மேல் வேண்டாம், இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்பினாலும் பரவாயில்லை.

இன்னொருவருக்குப் பற்களில் நத்தை மாட்டி மட்டம் ஏறியது. வலை போட்டால் வலையும் அடைபடும். வாரம் ஒருமுறை பற்களைப் பழைய பல் துலக்கியால் தேயுங்கள். யு-குழாய்க்குள் பாசி கறுத்தால் புட்டி கழுவும் நீளத் தூரிகை போதும். கழற்றும் முன் பம்ப்பை நிறுத்த மறக்காதீர்கள்.