ஜெர்மனியில் சம்பளத்தோடு பிஎச்.டி.: இடம் தேடுவது எப்படி?

எம்.எஸ்சி., எம்.டெக். முடித்தவர்கள் பலரும் "ஜெர்மனியில் பிஎச்.டி.க்கு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அறிவியல், பொறியியல் துறைகளில் அங்கே பிஎச்.டி. என்பது பெரும்பாலும் ஒரு வேலை. ஒப்பந்தம், மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. ஆகவே வேலை தேடுவதுபோலவே தேடுங்கள். முதுகலைப் பட்டம் அநேகமாகக் கட்டாயம், பி.இ. மட்டும் வைத்துக்கொண்டு நுழைவது அபூர்வம்.

படி 1: எங்கே பார்ப்பது?

டிஏஏடி எனும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் 'பிஎச்டி ஜெர்மனி' தளம், ஐரோப்பா முழுமைக்குமான ஆய்வு வேலைகளைப் போடும் 'யூராக்செஸ்' தளம். இந்த இரண்டும் ஆரம்பத்துக்குப் போதும். மாக்ஸ் பிளாங்க் எனும் ஜெர்மன் ஆய்வு நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஐஎம்பிஆர்எஸ் ஆய்வுப் பள்ளிகளையும் பாருங்கள்.

படி 2: விளம்பரத்தைப் படிப்பது

'டிவி-எல் இ13, 65%' என்று போட்டிருக்கும். டிவி-எல் என்பது மாநில அரசுப் பணியாளர்களுக்கான சம்பள ஒப்பந்தம். இ13 என்பது முதுகலை முடித்தவர்களுக்கான ஊதிய நிலை. 65% என்றால் முழுச் சம்பளத்தில் அவ்வளவு பங்கு. வேலை நேரமும் காகிதத்தில் அவ்வளவுதான். ஆனால் ஆய்வகத்தில் முழு நாளும் இருக்க வேண்டிவரும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கணினி, இயந்திரவியல் துறைகளில் 100% இடங்கள் சகஜம். உயிரியல், வேதியியலில் 50 முதல் 67% வரைதான் அதிகம் பார்க்கலாம்.

'மேரி கியூரி டாக்டோரல் நெட்வொர்க்' என்று இருந்தால், அது ஐரோப்பிய ஒன்றியம் பணம் கொடுக்கும் பிஎச்.டி. திட்டம். அதில் ஒரு விதியைக் கவனியுங்கள். பணியில் சேர்வதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், வேலை இருக்கும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது. ஊரிலிருந்து விண்ணப்பிப்பவருக்கு இது சாதகம். ஜெர்மனியிலேயே இப்போது முதுகலை படிப்பவர் பிரான்ஸ், நெதர்லாந்து என்று பக்கத்து நாட்டில்தான் பார்க்க வேண்டும்.

படி 3: விளம்பரம் வருமுன்பே தேடுவது

பலரும் செய்யாத வேலை இது. எனக்கென்னவோ இதுதான் உருப்படியான வழி. ஜெர்மானிய ஆய்வு நிதியமைப்பான டிஎஃப்ஜி, தான் பணம் கொடுத்த திட்டங்களை 'கெப்ரிஸ்' என்ற தளத்தில் போட்டுவைக்கிறது. உங்கள் துறைச் சொல்லைக் கொடுத்து, அண்மையில் தொடங்கிய திட்டங்களை மட்டும் பாருங்கள். புதுத் திட்டம் என்றால் பெரும்பாலும் ஒரு பிஎச்.டி. ஆளுக்கான பணமும் அதில் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத் திட்டங்களுக்கு 'கார்டிஸ்' இருக்கிறது.

படி 4: மெயில்

நாற்பது பேராசிரியர்களுக்கு ஒரே மெயிலை அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும். ஒருவருக்கு நாலைந்து வரி போதும். உதாரணமாக: 'பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலங்கள் ஈரப்பதத்தில் கெட்டுப்போவது பற்றிய உங்கள் புதிய திட்டத்தைப் பார்த்தேன். எம்.டெக். ஆய்வில் ஸ்பின் கோட்டிங் முறையில் இதே பொருளின் மெல்லிய படலங்களைச் செய்து சோதித்திருக்கிறேன். இத்திட்டத்தில் ஆய்வாளர் இடம் காலியாக உள்ளதா?' இதையே ஆங்கிலத்தில் எழுதி, சிவி, மதிப்பெண் பட்டியல், ஆய்வேட்டின் ஒரு பக்கச் சுருக்கம் மூன்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். இரண்டு வாரம் பதில் இல்லையா? ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

படி 5: நேர்காணல்

ஜூமில் உங்கள் முதுகலை ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்வார்கள். அப்புறம் உங்கள் முறை. அங்கே இப்போது படிக்கும் மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கேளுங்கள். ஒப்பந்தம் மூன்று ஆண்டில் முடிந்தபின் நீட்டிப்புக் கிடைத்ததா, முன்னால் சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் பட்டம் வாங்கினார்கள் என்பதை அவரிடம்தான் கேட்க முடியும்.